மாமி வைத்த தொங்கல் மரம்

ஒரு மரம் தலை குனிந்து நின்றால், அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு என்ன குறைந்து போகும்? பதினெட்டு வருடமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை அப்பாவிடமே கேட்டேன். "உனக்கு அது விளங்காது" என்றார். அவருக்கும் விளங்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

என்னைப் போல மொன்றியலிலேயே வளர்ந்து, இப்போது காலையில் பிள்ளைக்குப் பனிச்சப்பாத்து மாட்டிக் கார்டெறிக்கு, அதாவது பிள்ளைகள் காப்பகத்துக்கு, இழுத்துக்கொண்டு ஓடும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பெற்றோரைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோரும் அவர்கள் இரண்டு வேலை செய்ததையும் குளிரில் பஸ்ஸுக்கு நின்றதையும் எழுதுகிறார்கள். அது உண்மை. என் அப்பாவும் சென்ட் லோரன்ட்டில் ஒரு தொழிற்சாலையில் நின்று நின்று காலில் நரம்பு புடைத்தவர்தான். ஆனால் அதே மனிதர்கள் எவ்வளவு அற்பத்தனமாகவும் இருக்கக் கூடியவர்கள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் சரியா பிழையா என்று மூன்று தரம் யோசிப்பேன். அது என் பழக்கம்.

எனக்கு அப்போது பத்து வயது முடிந்து பதினொன்று. இரண்டாயிரத்து ஆறாக இருக்க வேண்டும். மொன்றியலுக்குப் பக்கத்துப் புரோசார்ட்டில் வீடு வாங்கி ஒரு வருடம். மேலே அப்பா, அம்மா, நான். கீழே பேஸ்மென்றில் மாமி. மாமி அப்பாவின் தங்கை, வயது முப்பத்தாறு, கலியாணம் ஆகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்த மூன்று செய்தியும் இதே வரிசையில் சொல்லப்படும். நான்காவது செய்தி சொல்லப்படாது. மாமி ஒரு நாற்றுத் தோட்டத்தில் வேலை செய்தா. தெருமுனைக்கு வரும் தோட்டத்து வான் வண்டியில் விடிய ஏறிப் போய், மரக்கன்றுகளைச் சட்டி மாற்றி, வேர் சீவி, பின்னேரம் நகத்துக்குள் மண்ணோடு திரும்புவா. அதை அப்பா "ஒஃபிஸ்" என்று சொன்னார்.

நானும் யோக்கியமில்லை. பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி ஒருநாள் மாமியை வாசலில் கண்டு யார் என்று கேட்டாள். எங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறவர் என்று பிரெஞ்சில் சொன்னேன். மாமிக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்கும். அவ திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை, வான் மாமியை முனையில் இறக்காமல் வீட்டு வாசலுக்கே வந்தது. மாமியும் சாரதியுமாக ஒரு மரத்தை இறக்கினார்கள். என் உயரத்தை விடக் கொஞ்சம் கூட. சட்டி வெடித்திருந்தது. கிளைகள் எல்லாம் தண்டோடு ஒட்டிக் கீழே தொங்கின, மழையில் நனைந்த தலைமயிர் மாதிரி. நுனி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"முதலாளி எறியச் சொன்னவன். நான் கேட்டு வாங்கினனான்" என்றா மாமி.

"எறியிற சாமானைத்தான் நீ வீட்டை கொண்டு வருவாய்" என்றார் அப்பா.

"ஓம் அண்ணை. என்னையும் அப்பிடித்தானே நீங்கள் எயாப்போட்டிலை வந்து எடுத்தனீங்கள்."

அம்மா என்னைக் கூப்பிட்டுச் சட்டியில் தொங்கிய அட்டையை வாசிக்கச் சொன்னா. வீட்டுக்கு வரும் கடிதம், கரண்ட் பில், டொக்டர் சீட்டு எல்லாம் நான்தான் வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாசிப்புக்குப் பரிசு வாங்குகிற பிள்ளையின் குரலில் வாசித்தேன். "எப்பினெத் ப்ளெறூஸ்."

"அதெண்டால்?"

"அழுகிற ஸ்ப்ரூஸ்."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டா. ஒரு ஊசியிலை மரத்துக்கு இந்த நாட்டுக்காரர் வைத்த பெயருக்குச் சிலுவை போட்ட ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மாமி வாசல் படிக்கு இடது பக்கம் மரத்தை வைத்தா. குழியை ஆழமாக வெட்டாமல் அகலமாக வெட்டினா. சட்டிக்குள் வேர் வயர்ச்சுருள் மாதிரிச் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. கத்தியால் நாலு பக்கமும் கீறிவிட்டா. "இப்பிடியே நட்டால் தன்ரை கழுத்தைத் தானே நெரிச்சுப் போடும்" என்றா. சரிந்த நுனிக்கு ஒரு மூங்கில் நட்டு, பழைய காலுறைத் துண்டால் தளர்வாகக் கட்டினா. "இந்த நுனி இப்ப குனிஞ்சு நிக்கும். வாற வருசம் தானா நிமிரும். பேந்து புதுசா வாறது குனியும். அவசரப்படாத மரம்." தண்ணீர்க் குழாயை நூல் போல ஒழுகவிட்டு அடிமரத்தில் ஒரு மணித்தியாலம் கிடக்க விடுவா. மேலே பீச்சக் கூடாது.

அதன் மணத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகும். அந்த ஊசியிலையைக் கசக்கினால் பூனை மூத்திரம் மணக்கும். உண்மையாகவே. அம்மாவுக்கு அது பெரிய வாய்ப்பு. வருகிறவர்களிடமெல்லாம், "ஊரிலை வாசல்லை மல்லிகை வைச்சனாங்கள். இஞ்சை எங்கடை மச்சாள் பூனை மூத்திரம் வைச்சிருக்கிறா" என்று சொல்லிச் சிரிப்பா. எல்லோரும் சிரிப்பார்கள். மாமியும் சிரிப்பா. "கசக்கினால்தான் மச்சாள் மணக்கும். கசக்காமல் விட்டால் அது பாட்டிலை நிக்கும்" என்பா.

ஒக்ரோபர் கடைசியில், நிலம் உறைய முன்னம், மாமி மரத்துக்கு வயிறு நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்குத் துணியால் சுற்றித் தைத்தா. தெருவுக்குப் போடுகிற உப்பு பனி தள்ளும் வண்டியோடு சிதறி வந்து எரித்துவிடும் என்றா. குளிர்காலம் முழுக்க அது வாசலில் முக்காடு போட்ட ஆள் மாதிரி நின்றது. அப்பா வேலையால் வரும்போது அதைப் பார்க்காமலே படி ஏறுவார். ஏப்ரல் முடிய மாமி தையலைப் பிரித்தா. மே கடைசியில் ஒவ்வொரு கிளை நுனியிலும் இளம்பச்சைக் குருத்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் மண்ணிறத்தில் மெல்லிய தொப்பி. தொட்டால் தொப்பி கழன்று விழும். மாமி என்னுடைய அடிமட்டத்தை வாங்கி நுனியை அளந்தா. அந்த வருடம் அது பதினாலு அங்குலம் வளர்ந்தது. "பார், எறிஞ்ச சாமான்" என்றா. அவ அப்படிச் சிரித்து நான் கண்டது அதற்கு முன் இல்லை.

இரண்டாவது கோடையில் செபக்குழு அன்ரி வந்தா. எங்கள் கோவிலில் செபமாலைக்கு ஆள் சேர்க்கிறவ. கலியாணத்துக்கும் ஆள் சேர்ப்பா. ரொறொன்ரோவில் ஒரு பையன் இருப்பதாகச் சொன்னா. பையனுக்கு நாற்பத்தொரு வயது. பொம்பிளை பார்க்க ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை வருவதாக முடிவாயிற்று.

"எல்லாம் சரி. வாசல்லை நிக்கிற அந்தச் சனியனை என்ன செய்யப் போறியள்?" என்று அன்ரி கேட்டா. "தலைவிரி கோலமா ஒரு பொம்பிளை நிக்கிற மாதிரி இருக்கு. இந்தப் பிள்ளைக்கு ஏன் ஒண்டும் சரிவருதில்லை எண்டு இப்பத்தான் விளங்குது."

ஊரில் இருந்தபோதும் மாமிக்கு ஒன்றும் சரிவரவில்லை. அப்போது இந்த மரம் முளைத்திருக்கவே இல்லை. இதை அங்கே இருந்த மூன்று பெரியவர்களில் ஒருவராவது யோசித்திருக்கலாம்.

அன்று பின்னேரம் மாமி மேலே வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றா.

"அண்ணை, நான் சாறி கட்டுறன். தேத்தண்ணி கொண்டு வாறன். அவை என்ன கேட்டாலும் வடிவாப் பதில் சொல்லுறன். ஆனால் அந்த மரத்திலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. இந்த வீட்டிலை நான் கேக்கிறது அது ஒண்டுதான்."

அப்பா "சரி. சொல்லுத் தாறன்" என்றார். மாமிக்கு அவர் சொல்லில் நம்பிக்கை இருந்தது. எனக்கும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது.

அந்தச் சனிக்கிழமையும் மாமிக்கு அரைநாள் வேலை. விடிய வானுக்குப் போகும்போது நான் படியில் இருந்தேன். "நான் வாற வரைக்கும் பார்த்துக்கொள் என்ன. அண்ணை நல்லவர். பக்கத்திலை ஆக்கள் நிண்டால்தான் பழுதாப் போவார்" என்றா. நான் தலையாட்டினேன்.

ஒன்பது மணிக்கு அன்ரி றோல்ஸ் பலகாரத் தட்டோடு வந்து இறங்கினா. படியடியில் நின்றுவிட்டா. "இதென்ன, செத்தவீட்டு வாசல் மாதிரி. இன்னும் நிக்குது?"

"அவளுக்குச் சொல்லுக் குடுத்திட்டன்" என்றார் அப்பா.

"ஆர் தறிக்கச் சொன்னது? கொஞ்சம் சீவி விடுங்கோ. கிறிஸ்மஸ் மரம் மாதிரி வடிவா நிக்கும்."

அப்பா மரத்தைப் பார்த்தார். பிறகு படி கூட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, மாமி காலமை போகேக்கை மரத்தைப் பற்றி ஏதும் சொன்னவளோ? கொஞ்சம் வெட்டினால் பறவாயில்லை எண்டு?"

அவர் கேள்வியைக் கேட்கவில்லை. பதிலைக் கையில் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

"ஓம்."

"வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அப்பா. கொஞ்சம் எண்டால் பறவாயில்லையாம்."

கலியாணம் நடந்தால் எனக்கு மணப்பெண் தோழிச் சட்டை தைப்பதாக அம்மா சொல்லியிருந்தா. மரத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்துத் தோழிகள் கேட்டுவிடுவார்களோ என்ற வெட்கமும் இருந்தது. ஆனால் இவை எல்லாம் நான் பிறகு தேடிப் பிடித்த காரணங்கள். அந்த நேரம் என் மனதில் இருந்தது, அப்பாவின் முகம் சுளிக்கக் கூடாது என்பது மட்டுந்தான். கெட்டிக்காரப் பிள்ளை, கேட்டவருக்கு வேண்டிய பதிலைச் சொல்லும்.

அப்பா முதலில் கத்தரியோடுதான் தொடங்கினார். ஒரு பக்கம் இரண்டு கிளை. மற்றப் பக்கம் சமமில்லை என்று மூன்று. அதன் பிறகு வாள் எடுத்தார். நுனியில் ஒரு கயிறு கட்டி என்னைப் பிடிக்கச் சொன்னார். நீலக் கயிறு, இல்லை, பச்சையோ தெரியவில்லை. கிளைகளைத் தண்டோடு ஒட்ட அரிந்தார். கடைசியில் அன்ரி கீழே நின்று, "அந்தத் தலை கழுத்து முறிஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றா. நுனியும் போயிற்று. பதினாலு அங்குலமும் அதற்குப் பிறகு வந்ததும்.

பக்கத்து வீட்டு வயசான மெசியூ வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, "மே பூர்க்குவா?" என்றார். ஏன் என்று கேட்கிறார்.

"சா வா, சா வா, மெர்சி" என்றார் அப்பா, பறவாயில்லை, நன்றி என்று. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அதற்குள் முடிந்துவிட்டது.

"பயப்பிடாதை" என்று என்னிடம் சொன்னார். "இது கதியால் வெட்டின கை. ஊரிலை வேலியிலை கிளுவையை மொட்டையா வெட்டி விடுவம். ஒரு மழைக்குச் சடைச்சு வரும். வெட்ட வெட்டத்தான் வரும்."

இந்த மரம் அப்படி வராது என்று எனக்குத் தெரியும். பச்சை இல்லாத இடத்தில் வெட்டினால் இந்தச் சாதி திரும்ப முளைக்காது என்று மாமி எனக்கு இரண்டு தரம் சொல்லியிருக்கிறா. அதைத் தெரிந்துகொண்டுதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை முழுக்கப் பிசின்.

முடிந்தபோது வாசலில் ஒரு மொட்டைத் தடி, நடுவில் கைப்பிடி அளவு பச்சையோடு நின்றது. அன்ரி கூட முகத்தைத் திருப்பிக்கொண்டா. றோல்ஸ் தட்டோடு உள்ளே போய்விட்டா. அப்பா வெட்டிய கிளைகளில் நல்லதாகப் பத்துப் பன்னிரண்டு எடுத்து, வேர் விட்டுத் துளிர்க்கும் என்று வேலியோரம் வரிசையாகக் குத்தினார். கதியால். ஸ்ப்ரூஸ் கிளையில் கதியால் போட்ட மனிதர் என் அப்பா.

ஒரு மணிக்கு மழை தூறத் தொடங்கியது. மாமி வானால் இறங்கி வந்தா. மரத்துக்கு முன்னால் நின்றா. வேலியோரத்துக் கதியாலையும் பார்த்தா. கராஜுக்குள் வாளைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போனா.

"அண்ணை, சொல்லுத் தந்தனீங்கள்."

"விடியக்காலமை ஒரு கதை, மத்தியானம் ஒரு கதை" என்றார் அப்பா. "இப்ப நாடகம் போடாதை. ஆக்கள் வரப் போகினம்."

"எனக்கு எப்பவும் ஒரு கதைதான்."

நான் கராஜ் கதவடியில் நின்றேன். விடியக்காலமைக் கதை எது என்று மாமி கேட்டால் நான் முடிந்தேன். பிள்ளையிடம் சொன்னாயே என்று அப்பா ஒரு வசனம் கூடச் சொன்னாலும் முடிந்தேன். இரண்டு பேரும் மற்றவரின் அடுத்த வசனத்தைக் கேட்கத் தயாராக இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெரிய மனிதர்கள், ஒரு கேள்வி கேட்க முடியாத அளவுக்கு ரோசம். மேலே இருந்து அம்மா கூப்பிட்டா: "மச்சாள், சாறி மினுக்கி வைச்சிருக்கிறன்!" மாமி பேஸ்மென்றுக்கு இறங்கிப் போனா.

நாலு மணிக்கு நல்ல மழை. விருந்தாளிகள் நனைவார்கள் என்று அப்பா கராஜைத் திறந்து வைத்தார். கார் நேராகக் கராஜுக்குள் வந்தது. பையனும் தாயும் கராஜுக்குள்ளேயே இறங்கி, உள்கதவால் வீட்டுக்குள் வந்தார்கள். வாசல் பக்கம் ஒருவரும் போகவே இல்லை.

மாமி மேலே வந்தா. சாறி இல்லை. வேலைச் சட்டை, முழங்காலில் மண் காய்ந்த களிசான். கதிரையில் இருந்தா. பிசின் கையோடு நான் தேத்தண்ணித் தட்டைக் கொண்டு போனேன். தட்டைக் கீழே வைக்க விரல் ஒட்டிக்கொண்டது.

பையனின் தாய் அன்ரியைப் பார்த்தா. "பிள்ளை ஒஃபிஸிலை வேலை எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"ஒஃபிஸ்தான் அம்மா. கூரை மட்டும் இல்லை" என்றா மாமி.

பையன் சிரித்துவிட்டான். ஏளனமாக இல்லை. தலை நரைத்த, நல்ல முகமுள்ள மனிதன். "என்ன மரம் வைக்கிறனீங்கள்?" என்று கேட்டான். தாய் தன் கையை அவன் முழங்காலில் வைத்தா. தேத்தண்ணி முடியும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. வந்த வழியாலேயே, கராஜுக்குள்ளால், போய்விட்டார்கள். பிறகு அங்கிருந்து ஒரு கதையும் வரவில்லை.

செப்டெம்பரில் மாமி தன்னோடு வேலை செய்த இரண்டு பெண்களோடு சென்ட் லோரன்ட்டில் ஒரு வாடகை வீடு எடுத்துப் போனா. பெட்டி ஏற்றும்போது, "மரம்?" என்று கேட்டேன். "அது இனி உன்ரை கொப்பற்றை மரம்" என்றா. என் தலையைத் தடவினா. என்னில் அவவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அப்பாவின் கதியால் மூன்று நாலு கிழமை பச்சையாகவே நின்றது. "பார், பிடிச்சிட்டுது" என்று அம்மாவுக்குக் காட்டினார். அந்த மரத்தின் கிளை செத்த பிறகும் கனநாள் பச்சையாக நிற்கும். ஒக்ரோபரில் எல்லாம் ஒன்றாகச் சிவந்து கொட்டியது. மொட்டைத் தடிக்கு அவர் ஒவ்வொரு பின்னேரமும் தண்ணீர் ஊற்றினார், மேலே பீச்சி. குளிருக்கு முன் பிளாஸ்ரிக் படங்கால் இறுக்கிச் சுற்றினார். உள்ளே வேர்த்து, வசந்தத்தில் அந்தக் கைப்பிடிப் பச்சையும் கருகிக் கிடந்தது. அப்படியும் அவர் அதைப் பிடுங்கவில்லை. தங்கை சம்மதம் சொல்லிவிட்டுச் சபையில் தன்னைக் கேவலப்படுத்தினாள் என்று நம்பிக்கொண்டே, அவள் மரத்துக்கு இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றினார். அவரை இகழ்ந்துகொண்டே போகும் நான் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறேன்.

அன்றிலிருந்து இருவரும் கதைப்பதில்லை. செத்தவீடுகளில் ஒருவர் இடது பக்க வாங்கில் இருந்தால், மற்றவர் வலது பக்க வாங்கில். மாமி கலியாணம் செய்யவில்லை. நாற்றுத் தோட்டத்தில் இப்போது அவவுக்குக் கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அப்பாவுக்கு இருதயத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு நாலு வயதில் ஒரு மகள். மூன்று மாதத்தில் ஒரு மகன். மகனுக்கு ஞானத்தாயாக மாமியைக் கேட்டேன்.

"கொப்பர் ஒரு வசனம் சொல்லட்டும். சொல்லு மாறிப் போட்டன் எண்டு. நான் நடந்தே வாறன்" என்றா.

அப்பாவிடம் கேட்டேன். "நான் சொல்லு மாறேல்லை. அவள்தான் மாறினவள். அவள் வந்தால் நான் கோவில் வாசல்லை நிக்கிறன்" என்றார்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான். அது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும்.

போன கிழமை மகளிடம், கார்டெறியில் சாப்பிட்டாய்தானே என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு "உய்", ஓம் என்றாள். சாப்பாட்டுப் பெட்டியில் சோறு அப்படியே கிடந்தது. பெட்டியை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே கேட்கிறேன். அப்பாவிடம் முதலில் சொல்வதா, மாமியிடமா? மாமிக்கு முதலில் சொன்னால், பதினெட்டு வருடமும் அண்ணனைப் பிழையாக நினைத்தேன் என்று அவ உடைந்து போவா. அப்பாவுக்கு முதலில் சொன்னால் அந்த இருதயம் தாங்குமா தெரியாது. தாங்கினாலும், ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் ‘ஓம்’ஐ ஏன் ஓடிப்போய் வாங்கினேன் என்று அவர் தன்னைக் கேட்பாரா, அல்லது என்னை மட்டும் கேட்பாரா? இருவரையும் ஒரே மேசையில் இருத்திச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. ஆனால் அதுதான் சரியென்று உங்களில் யாராவது அனுபவத்தில் கண்டிருந்தால், எந்த வசனத்தில் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். ஞானஸ்நானம் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு. அதற்கு முன்னம் எழுதுங்கள். சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எனக்கே சொல்லிக்கொள்ளத் தெரியும்.